தூக்கி உதற முடியாத விரிப்பு



இவ்வாரம் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் உங்களில் சிலர் புன்னகைக்கக்கூடும். தரையில் விரிக்கும் கம்பளத்தையும் அதில் தங்கும் தூசியையும் பற்றி ஒரு போதகர் எழுதுவானேன் என்று வினவக்கூடும். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வீட்டில் நான் கண்டதையும், அதன்பின் என் வீட்டிலும் நம் ஆலயத்திலும் கண்டதையும் சொன்னால் காரணம் விளங்கும்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் கடைத்தெருவுக்குப் பின்புறம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அவ்வளவே வீடு. அவ்வீட்டுப் பையனுக்கு வயது ஏழு. சில மாதங்களாக இரவு நேரங்களில் அவனுக்கு இழுப்பு வருகிறது. ஜெபிக்க வருமாறு அழைத்திருந்தார்கள், சென்றேன். வீடு பளிச்சென்றிருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. சன்னல் கம்பிகளில்கூட ஒட்டடை இல்லை. பையனின் தாயார் கலங்கிய குரலில், “ஐயா, நாளைக்கு இரண்டு தரம் பெருக்குகிறேன். இதற்குமேல் நான் என்ன செய்வது?” என்று கேட்டார்.

அவர் பெருக்குவது உண்மை. ஆனால் படுக்கையறை முழுவதையும் ஒரு கம்பளம் மூடியிருந்தது. விரிசல் விட்ட சிமெண்டுத் தரையை மறைக்க, இரண்டு கிறிஸ்துமசுக்கு முன் வாங்கி விரித்தது. அதன்மேல் பீரோ நிற்கிறது, கட்டில் நிற்கிறது, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே அந்தப் பையன் பாய் போட்டு உறங்குகிறான். வாங்கிய நாள்முதல் அதைத் தூக்கியதில்லை. தூக்க வேண்டுமானால் பீரோவை நகர்த்த வேண்டும். நகர்த்துவதற்கு அவ்வீட்டில் வேறு இடமில்லை. “மருத்துவரும் கார்ப்பெட் இருக்கிறதா என்று கேட்டார், ஐயா. தினமும் பெருக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன்” என்றார் தாயார்.

அன்று பையனைப் பக்கத்து வீட்டில் இருத்திவிட்டு, அவனுடைய தந்தையும் நானுமாகப் பீரோவைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கம்பளத்தைச் சுருட்டினோம். அடியில் சலித்த மாவைப்போல மண் படிந்திருந்தது. கம்பளத்தின் பின்புற நெசவு அந்த மண்ணில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. வாரியபோது ஒரு முறம் நிறைந்தது. அந்தத் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்த முறம் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

வீட்டுக்கு வந்து என் மகன் வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிய கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மறுநாள் காலை, ஒருவரும் இல்லாத வேளையில், ஆலயத்தின் நடுப்பாதையில் விரித்துள்ள சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தையும் தூக்கிப் பார்த்தேன். மூன்று இடங்களிலும் ஒரே மாவு. ஆலயக் கம்பளத்தை ஒட்டிப் பதிக்க அனுமதி கொடுத்தவன் நான். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகள் அதன்மேல் அமர்ந்துதான் வேதபாடம் கற்கிறார்கள். ஆகவே இக்கடிதத்தில் முதல் குற்றவாளி நானே என்று சொல்லித் தொடங்குகிறேன்.

பிரியமானவர்களே, நாம் வாழ்வது செஞ்சி. மூன்று பாறை மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்துகளும் லாரிகளும் ஊர் நடுவே போகின்றன. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்து குவிகின்றன. உமியும் சுணையும் காற்றில் பறக்கின்றன. சன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். தூசி வருவது நம் குற்றமன்று. வந்த தூசி எங்கே தங்குகிறது என்பதே கேள்வி.

வெறுந்தரை ஒளிவு மறைவு அறியாதது. காலையில் விழுந்த தூசியை மாலையில் காட்டிக்கொடுத்துவிடும். பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. கம்பளம் அப்படியன்று. அதன் இழைகள் நெற்பயிர்போல் நெருங்கி நிற்கின்றன. காலில் ஒட்டி வரும் மணலை, மிதிக்க மிதிக்க, வேர்வரைக்கும் இறக்கிவிடுகின்றன. மேலே வண்ணமும் பூவும் தெரிகின்றன. கீழே மண் சேர்கிறது. அந்த மணலே உள்ளிருந்து இழைகளை அறுத்து, கம்பளத்தையும் விரைவில் கெடுக்கிறது. விளக்குமாற்றால் பெருக்கும்போது கனமான மண் அசைவதில்லை. இலேசான தூள் மட்டும் எழும்பிச் சற்று நேரம் காற்றில் நின்று, மீண்டும் அங்கேயே இறங்குகிறது. இடைப்பட்ட வேளையில் அதைச் சுவாசிப்பவர், பெருக்குகிறவரும் பக்கத்தில் விளையாடுகிற குழந்தையும்.

அந்தத் தூசியில் மண் மட்டும் இல்லை. நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் துகள்கள் இருக்கின்றன. அவற்றைத் தின்று வாழும் தூசிப்பூச்சிகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள இவை சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இவை நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கின்றன. இவற்றின் கழிவு காய்ந்து தூளாகி மூக்கில் ஏறும்போதுதான் சிலருக்குத் தும்மலும், சிலருக்குக் கண் அரிப்பும், சிலருக்கு இழுப்பும் வருகின்றன. எல்லா இழுப்புக்கும் கம்பளமே காரணம் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. மெத்தையிலும் தலையணையிலும் இப்பூச்சிகள் மிகுதியாகவே இருக்கின்றன. மருத்துவர் கொடுத்த மருந்தையும் இன்ஹேலரையும் ஒருவரும் நிறுத்தலாகாது. ஆனால் நாம் நீக்கக்கூடிய ஒன்றை நீக்காமல் வைத்துக்கொண்டு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஏன்?” என்று கேட்பது முறையா என்பதே என் மனத்தை உறுத்துகிற கேள்வி.

கம்பளம் நம் ஊருக்குப் புதிதன்று. 1597-ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பிமெண்டா என்ற இயேசு சபைக் குருவானவர் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம் அது. இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்த்துகல் நாட்டில் லிஸ்பன் நீங்கலாக இதைவிடப் பெரிய நகரம் இல்லை என்றும் அவர் எழுதிவைத்தார். மன்னர் பட்டுக் கம்பளத்தின்மேல், இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி அவரை வரவேற்றார் என்ற செய்தியும் அவருடைய குறிப்பில் உண்டு. இன்று அந்தக் கோட்டைக்குள் நாம் காணும் தளங்களெல்லாம் வெறுங்கல். 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் அந்தக் கல்லே.

அந்தப் பட்டுக் கம்பளத்தைப் பற்றி எண்ணும்போது எனக்குத் தோன்றுவது வேறொன்று. அதை நாள்தோறும் எடுத்து உதறியவர் யார்? மன்னர் அல்லர், ஏவலாளர். கம்பளம் என்பது பல கைகள் உள்ள வீட்டின் பொருள். அல்லது குளிர்தேசத்தின் பொருள். அங்கே அது அழகுக்கு மட்டுமன்றி, உறைந்த தரையின் குளிரைத் தடுப்பதற்கும் பயன்படுகிறது. அத்தேசத்தாரும் அதை வெறுமனே விட்டுவைத்ததில்லை. குளிர்காலம் கழிந்ததும் வெளியே கொண்டுவந்து கொடியில் தொங்கவிட்டு, பிரம்பால் அடித்து மண்ணை உதிர்த்தார்கள். நமக்கோ குளிரும் இல்லை, ஏவலாளரும் இல்லை, அடித்து உதறுவதற்கு முற்றமும் இல்லை. அவர்களிடமிருந்து விரிப்பதை மட்டும் கற்றோம், உதறுவதைக் கற்கவில்லை.

இன்று பலர் வீட்டில் இருக்கும் வேக்குவம் கிளீனரின் கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், கான்டன் நகரத்துக் கடை ஒன்றில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா இருந்தது. கம்பளம் பெருக்கும் கருவியிலிருந்து எழும் தூசி அவரை இருமச் செய்தது. 1907-இல் அவர் ஒரு சிறு மின்விசிறியையும் ஒரு பெட்டியையும் ஒரு தலையணை உறையையும் சேர்த்து, தூசியை உறிஞ்சிப் பைக்குள் அடைக்கும் பொறி ஒன்றைச் செய்தார்; 1908-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்த உரிமை ஹூவர் என்பவரின் கைக்குப் போனது. உலகம் ஹூவரின் பெயரையே அறிந்தது. கம்பளத்தின் அழகைக் கண்டவர்கள் பலர். அதன் தூசியை மூச்சில் அறிந்தவர் அதைப் பெருக்கியவர். தீர்வும் அவரிடமிருந்தே வந்தது.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய வீட்டில், ஒருவர் தம் இரு கைகளால் தூக்கி வெளியே கொண்டுபோய் உதற முடியாத எந்த விரிப்பும் இருக்கலாகாது. விலையோ அழகோ அன்பளிப்பு என்பதோ இதற்கு விலக்காக வேண்டாம். தூக்க முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் கொடுத்துவிடுங்கள், அல்லது தூக்கக்கூடிய அளவுக்கு வெட்டி ஓரம் தைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வோர் செய்யவேண்டியவற்றை, பெருக்கித் துடைப்பதில் என்னைவிட அனுபவமுள்ள நம் சபைத் தாய்மாரிடமும் ஒரு மருத்துவரிடமும் கேட்டு இங்கே தருகிறேன்.

முதலாவது, வாசலிலேயே தடுத்துவிடுங்கள். வெளியே கரடுமுரடான தேங்காய்நார் மிதியடி ஒன்று, உள்ளே பருத்தித் துணி மிதியடி ஒன்று. செருப்பைக் கழற்றி நுழைவது நம் முன்னோர் வழக்கம். அடுக்குமாடிக்குப் போனாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, வாரம் ஒரு முறை விரிப்பை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், கொடியிலோ கைப்பிடிச் சுவரிலோ பின்புறம் வெளியே தெரியும்படி போட்டு அடியுங்கள். பின்புறத்தில் அடித்தால்தான் வேரில் இறங்கிய மண் உதிரும். பிறகு இரு பக்கமும் வெயில் படுமாறு சில மணி நேரம் காய விடுங்கள். வெயிலின் சூடும் வறட்சியும் தூசிப்பூச்சிக்குப் பகை. மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ளவர் இவ்வேலையைச் செய்ய வேண்டாம். அருகிலும் நிற்க வேண்டாம். கீழ்மாடியில் துணி காய்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள்; நம் வீட்டுத் தூசியை அயலார் வீட்டுக்கு அனுப்புவது அயலாரை நேசிப்பது ஆகாது.

மூன்றாவது, வீட்டைச் சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழே வாருங்கள். மின்விசிறி இறக்கை, அலமாரியின் மேற்பலகை, சன்னல் வலை, கடைசியாகத் தரை. உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர நீங்காது, ஈரத்துணியால் துடையுங்கள். இதைச் செய்யும்போது விரிப்பு சுருட்டப்பட்டிருக்கட்டும்.

நான்காவது, வேக்குவம் கிளீனர் உள்ளவர்கள் அவசரப்படாமல், ஒரே இடத்தில் முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் மெதுவாக இழுங்கள். அதன் பையையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யாவிட்டால், நுண்ணிய தூசியைப் பின்வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

ஐந்தாவது, பாலோ காப்பியோ சிந்தினால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள். ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி முதல் மழைக்காலம் முழுவதும் கம்பளத்தை நன்றாகக் காயவைத்துச் சுருட்டி உயரத்தில் வைத்துவிடுவதே நலம். இழுப்பு உள்ளவரின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும், துணி தாங்குமானால் 60 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவையுங்கள்.

இவ்வளவையும் செய்ய இயலாதவர்களுக்கு நம் நாட்டிலேயே நல்ல வழி உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் பருத்தி ஜமக்காளத்தை நீங்கள் அறிவீர்கள். 2005–06-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் மண் ஒளிந்துகொள்ள நீண்ட இழைகள் இல்லை. இருவர் நுனிகளைப் பிடித்து உதறினால் மண் உதிர்ந்துவிடும். அழுக்கானால் துவைத்துக் காயப்போடலாம். மடித்து அலமாரியில் வைக்கலாம். கோரைப்பாயைத் துடைத்துச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிடலாம். விருந்தினர் வந்தால் விரிப்பதும், போனதும் உதறி மடிப்பதும் நம் பாட்டிமார் வழக்கம். சிறிய வீட்டுக்கு அதைவிடச் சிறந்த அறிவு எனக்குத் தெரியவில்லை.

மறுப்புகளையும் நான் கேட்டேன். “கம்பளம் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் காற்றில் பறப்பது குறையும் அல்லவா?” என்று படித்த இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிடித்துவைத்ததை அடிக்கடி வெளியேற்றுகிற வீட்டில் அவர் சொல்வது பொருந்தலாம். இரண்டு ஆண்டுகள் தூக்காத வீட்டில், பிடித்துவைத்தது ஒவ்வொரு காலடியிலும் திரும்ப எழும். “முழங்கால் வலிக்கிறது, ஐயா, ஆலயத்தில் வெறுந்தரையில் எப்படி முழங்கால்படியிடுவது?” என்று மூத்த தாயார் ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம். உறை கழற்றித் துவைக்கக்கூடிய சிறு மெத்தைகள் அதற்குப் போதும்.

மூன்றாவது மறுப்பு கடினமானது. ஆலயக் கம்பளம், ஒரு குடும்பத்தார் மறைந்த தங்கள் தகப்பனாரின் நினைவாகக் கொடுத்தது. அவர்களிடம் நேரில் சென்று பேசினேன். வருந்தினார்கள். வருந்தத்தானே செய்வார்கள்? முறத்தில் வாரியதைப் பற்றிச் சொன்னேன். ஞாயிறு இரவுகளில் தங்கள் பிள்ளைக்குத் தும்மல் ஓயாது என்று இன்னொரு தாயார் சொன்னதையும் சொன்னேன். நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டு, அதே நினைவாக ஜமக்காளங்கள் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஆயினும் கம்பளத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை ஆலயக் குழுவே முடிவு செய்யும். என் கருத்தை மட்டுமே இங்கு எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க இயலாது. லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில், பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த ஸ்திரீயைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை உண்டு. அவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை தேடுகிறாள். இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். காசைப் பற்றிப் பேசினேன்; அவளுடைய மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினேன். அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தேவனுடைய தேடுதலுக்கு உவமையாக ஆண்டவர் எடுத்துக்கொண்டவள், வீடு பெருக்கிய ஒரு பெண். நம் வீடுகளிலோ அந்த வேலை இன்னும் ஒருத்தியின் தலையில் மட்டும் விழுந்திருக்கிறது. அந்தப் பையனின் தாயார், “இதற்குமேல் நான் என்ன செய்வது?” என்று கேட்டாரே, அதற்கு விடை அவர் கையில் இல்லை. பீரோவைத் தனியாக நகர்த்த அவரால் முடியாது. இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் இரண்டு பலமான கைகள் இருந்தும் நகர்த்தவில்லை. அந்தத் தகப்பன் நல்லவர். அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. என் வீட்டிலும் எனக்குத் தோன்றவில்லை.

சீஷர்களின் கால் தூசியைக் கழுவச் சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொண்டவரை ஆண்டவர் என்று அழைக்கிறோம். அப்படியிருக்க, ஆண்மக்களே, சனிக்கிழமை காலையில் கம்பளத்தைத் தோளில் போட்டு மாடிக்கு ஏறுவது நமக்குத் தாழ்வாகுமா?

நான் என் வீட்டில் தொடங்கிவிட்டேன். மகன் அனுப்பிய கம்பளத்தைப் பாதியாக வெட்டித் தைத்தாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை மாடிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. ஆலயக் குழு இசைந்தால், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆலயக் கம்பளத்தை எடுப்போம். ஆடவரும் வாலிபரும் முறமும் விளக்குமாறும் கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு வரவேண்டும். தாய்மாரே, அன்று நீங்கள் வரவேண்டியதில்லை, இளைப்பாறுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது வெறுந்தரையில், துடைத்த பாயில் உறங்குகிறான். தரையின் விரிசல் அப்படியே தெரிகிறது, தெரியட்டும். இழுப்பு முற்றிலும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. மாசிப் பனி இரவுகளில் இரண்டு முறை வந்தது, மருந்து தொடர்கிறது, ஜெபமும் தொடர்கிறது. அவனுடைய தகப்பன் இப்போது காலையில் தரையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்.

இன்று உங்கள் வீட்டு விரிப்பின் ஓரத்தை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கண்டதற்காக ஒருவரையும் கடிந்துகொள்ளாதீர்கள். முறத்தை எடுத்து வாருங்கள்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.